மூலைக் கணினியின் பழைய ப்ரவுசர்

கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள் சார். முறுக்குத் தூள், முடி, நகத்துண்டு, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு பிசுக்கு, எல்லாம் மேசைமேல் கொட்டும். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் கடைவீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பரமசிவமாகிய நான் காலையில் கடை திறந்ததும் செய்கிற முதல் வேலை அதுதான். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகத் துடைப்பேன். என் மனைவி தமயந்தி இதை வியாதி என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்தவர் விரல் பட்ட இடத்தில் விரல் வைக்க எனக்குக் குமட்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் சுற்றுவட்டாரம் முழுக்க மின்வெட்டு. மின்சாரம் தயாராகிற இடம் என்பதால் டவுன்ஷிப்புக்குள் மட்டும் விளக்கு அணையாது. வேலைக்கு விண்ணப்பம் போடவும் ரிசல்ட் பார்க்கவும் கம்மாபுரத்திலிருந்தும் காடாம்புலியூரிலிருந்தும் பஸ் ஏறி என் கடைக்கு வருவார்கள். செருப்பு நிறையச் செம்மண். கான்ட்ராக்ட் ஆட்கள் ஷிப்ட் முடிந்து குளிக்காமல் வந்து உட்கார்ந்தால் நாற்காலியில் கரித்தூள் அச்சு விழும். ஹெட்போனில் தலையெண்ணெய். யாரிடமும் முகம் சுளித்ததில்லை நான். அவர்கள் எழுந்த பிறகு துடைத்துக்கொள்வேன்.

நீங்கள் கேட்ட ப்ரவுசர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது. கணினி திடீரென்று அணைந்துவிட்டால் அடுத்த தடவை திறக்கும்போது அது முரண்டு பிடிக்கும். நாலு தட்டு தட்டித் திறக்க வைத்தால், முன்பு உட்கார்ந்தவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கங்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்தும். அவருடைய ஈமெயிலும் சேர்த்துத்தான். பாஸ்வேர்டு கேட்காது. பிறகு அப்டேட் வந்தது. பாதுகாப்புக் குறையும் தொடக்கச் சிக்கலும் சரிசெய்யப்பட்டுவிட்டன என்று திரையின் ஓரத்தில் ஆங்கிலத்தில் சொல்லும். அன்றைக்கே எல்லாக் கணினிகளுக்கும் அதைப் போட்டுவிட்டேன். மூலையில் இருந்ததற்கு மட்டும் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்தினேன். மறுநாளும் கேட்டது, மறுநாளும் அழுத்தினேன்.

ஏனென்றால் அதில்தான் திலகவதி உட்காருவாள்.

அவள் காடாம்புலியூரில் வாழ்க்கைப்பட்டவள். முதலில் என் கண்ணில் பட்டது அவள் முகமல்ல, கை. புறங்கையிலிருந்து முழங்கை வரை தோல் கறுத்து, உரிந்து, சுருங்கிக் கிடந்தது. அந்தக் கையை என் கீபோர்டில் வைத்தாள் சார். தோல் வியாதி என்று நினைத்தேன். அவள் போனதும் ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தும் மனசு ஆறவில்லை. மற்றவர்கள் அந்த அசிங்கத்தைப் பார்க்க வேண்டாமென்று மறுநாளிலிருந்து அவளை மூலைக்கு அனுப்பினேன். அவளோ தன் மேல் இரக்கப்பட்டு மறைவான இடம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டாள். நன்றி வேறு சொன்னாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுதி முடித்ததும் லாக் அவுட் செய்ய மாட்டாள். குனிந்து சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிடுவாள். அவள் ஊரில் கரண்ட் போனால் அடித்ததெல்லாம் போய்விடும். பாதி அடித்த விண்ணப்பம் அழிந்துபோய் அழுதிருப்பாள் போலிருக்கிறது. கரண்ட் நின்றால் எதுவும் மிஞ்சாது என்பதுதான் அவள் கண்ட உண்மை. ஒரு நாள் என்னிடமே கேட்டாள்.

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேண்ணா. எல்லாம் போயிடும் இல்ல?"

"எல்லாம் போயிடும்மா," என்றேன்.

அவள் படியிறங்கியதும் கணினியைப் போட்டேன். முரண்டு பிடித்தது, திறந்தது. சென்னையில் இருக்கிற தோழிக்கு எழுதியிருந்தாள். கையில் இருந்தது வியாதி இல்லையாம். முந்திரி ஓட்டை வறுக்கும்போது வடிகிற, தோலைப் பொசுக்குகிற எண்ணெயாம். புருஷன் தனகோடிக்கு முந்திரிக் களம் இருக்கிறது. சோறு குழைந்துவிட்டது என்று கையைப் பிடித்து அதில் அழுத்தினானாம். அவனுக்குத் தெரியாமல் தப்பி வந்து, டவுன்ஷிப் பள்ளிக்கூடத்து ருக்குமணி டீச்சரின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற அறையில் ஒளிந்திருக்கிறாளாம். சென்னையில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாளாம்.

படித்துவிட்டுக் கை கழுவினேன். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவனை நினைத்தா என்று கேட்பீர்கள். இல்லை. வீட்டுக்குள் நடந்ததையெல்லாம் ஒருத்தி இப்படிக் கடையில் உட்கார்ந்து கொட்டி வைக்கலாமா? ஆனாலும் தினமும் படித்தேன். சாக்கடை அடைத்திருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது அல்லவா, அது போலத்தான். படித்து முடித்ததும் நானும் அவளைப் போலவே சுவிட்சைத் தட்டிவிடுவேன். அப்போதுதான் அடுத்த முறையும் அப்படியே திறக்கும். அவள் வருகிற நேரத்துக்கு மட்டும் எல்லாவற்றையும் மூடிப் புதுப் பக்கம் திறந்து வைப்பேன், வேறு யாரையும் அங்கே உட்கார விடமாட்டேன்.

ஒரு நாள் என்னைப் பற்றி எழுதியிருந்தாள். வார்த்தை மாறாமல் சொல்கிறேன். 'கடக்காரரு நான் எழுந்திரிச்ச ஒடனே நாற்காலிய தொடைக்கிறாருடி. ஆனா ஒக்காந்திருக்கும்போது முதுகையே பாத்துக்கினு நிக்கிறாரு. அந்தப் பார்வை பட்டாலே அருவருப்பா இருக்கு, வூட்டுக்குப் போயி குளிக்கணும் போல இருக்கு.'

எனக்குக் கோபம் வரவில்லை சார். அதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் என்னை அருவருப்பு என்கிறாள். சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கு மதியம் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

அதே கடிதத்தின் கீழே இன்னொன்றும் இருந்தது. சென்னையில் வேலை கிடைத்துவிட்டதாம், திங்கட்கிழமை கிளம்புகிறாளாம். டீச்சர் சனிக்கிழமையும் எட்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடம் போய்விடுவதால் அன்றைக்குத் தனியாக இருந்து மூட்டை கட்டுவதாகவும், பிளாக், குவார்ட்டர்ஸ் எண், கொல்லைப்புறக் கதவு எந்தப் பக்கம் என்பது வரைக்கும், தோழி வந்து கூட்டிப்போக வசதியாக எழுதியிருந்தாள். சுவிட்சைத் தட்டினேன். 'ரிப்பேர்' என்று தாளில் எழுதி மூலைக் கணினியின் மேல் ஒட்டினேன்.

சனிக்கிழமை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் தனகோடி வந்தான். மோட்டார் பைக்கில் ஒரு கேன் தொங்கியது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பார்க்கச் சுத்தமாக இருந்தான், அதைச் சொல்ல வேண்டும்.

"அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதுங்க. தேடிக்கினே இருக்கேன்," என்றான்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளைக் கிழித்துவிட்டு மூலைக் கணினியைப் போட்டேன். ப்ரவுசர் தானாகத்தான் திறந்தது. என்னைப் பற்றி எழுதியிருந்த வரி தெரியாதபடி பக்கத்தைக் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தேன். அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அடுத்தவர் கடிதம் படிக்கிற இடத்தில் நிற்பது நாகரிகமில்லை.

அவன் கேனை உள்ளே எடுத்து வந்திருந்தான். மூடியோரம் பெட்ரோல் கசிந்தது. அப்போதுதான் வாய் திறந்தேன்.

"கேனை வெளிய வச்சிடுங்க. தரையெல்லாம் நாறிடும்."

வைத்துவிட்டு வந்து படித்தான். எழுந்து கும்பிட்டான். அவன் போனதும் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன், துடைத்தேன். திரையின் ஓரத்தில் அந்த அப்டேட் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தடவை 'பிறகு' போடவில்லை. அது இறங்கி முடிக்கிற நேரத்தில் டீச்சர் குவார்ட்டர்ஸ் இருக்கிற பிளாக் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது என்று சாயங்காலம் சொன்னார்கள். கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். முரண்டு பிடிக்கவில்லை. பழைய பக்கம் எதுவும் வரவில்லை.

நேற்று தமயந்தி என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றுகொண்டு, "நீங்க தொட்ட பாத்திரத்தக்கூட வெளிய போட்டுட்டேங்க," என்றாள். என் கையை விடச் சுத்தமான கையை அவள் எங்கே கண்டாளோ.

தனகோடிக்கு என் கடையை யார் காட்டியது என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நான்தான். வெள்ளிக்கிழமை அவன் களத்துக்குப் போன் செய்து, காலையில் எட்டு மணிக்கு மேல் வாருங்கள் என்றேன். அவன் கேனில் வாங்கி வந்தது எதற்கென்றும் எனக்குத் தெரியும். மறைக்கவில்லை.

கேஸுக்காக மூலைக் கணினியை எடுத்துப் போகப் போகிறீர்களாம். எடுத்துக்கொள்ளுங்கள். தூக்குகிற ஆட்களை மட்டும் கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள் சார்.