பதினொரு ஒன்றுகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் மோரில் பெருங்காயம் சேர்ப்பேன். எனக்குப் பிடிக்காது. முத்தலிப் வாத்தியாருக்கு அப்படி இருந்தால்தான் இறங்கும். கோயமுத்தூரில் அவர் கணக்கு வாத்தியார். பஸ் பிடித்து, பொள்ளாச்சிக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் தென்னந்தோப்புக்கு வந்துவிடுவார். காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அதன்பின் அவருக்குக் குடும்பம் அமைந்தது, எனக்குத் தோப்பு.

அவரை இங்கே வரவழைத்தது ஓர் எண், ஐயா. பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடிக்கு மேல் வரும். அதை மீதியில்லாமல் வகுக்க ஏதாவது எண் உண்டா என்று நான்தான் ஒருநாள் கேட்டேன். இரண்டுக்கும் ஐந்துக்கும் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் பதினொன்று. ஆகவே மூன்றுக்கும் போகாது. எந்தப் பகா எண் அதை வகுத்தாலும், அந்தப் பகா எண்ணை இருபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சியாக வேண்டும் என்று அவர் நிறுவினார். அப்படிப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்தோம். வருஷக்கணக்கில் எதற்கும் அது பிடிகொடுக்கவில்லை. எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே உண்டாகிவிட்டது.

சித்திரையில் ஒரு ஞாயிறு, மோரை வாங்காமலே சொன்னார்.

"கெடச்சுப்போச்சுங்க. இருபத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்போது. மீதி ஒண்ணுமே இல்லீங்க."

நானும் வகுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆக, பதினொரு ஒன்றுகள் பகா எண் அல்ல. எல்லாவற்றையும்போல ஒரு பகு எண். அவரைப் பாராட்டினேன்.

"இனி ஞாயித்துக்கெழம ஊட்டுலயே இருந்துக்கறனுங்க. புள்ளைங்க தேடுதுங்க."

"பத்தொம்போது ஒண்ணு வெச்சுப் பாக்கலாமுங்க" என்றேன்.

"அதுக்கு நம்ம ஆயுசு பத்தாதுங்க, திருமலைசாமி" என்று சிரித்தார்.

தொழுகைக்கு முன் கைகால் கழுவக் கிணற்றுப் படியில் இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். அவருக்கு நீச்சல் தெரியாது. காலேஜ் நாளிலிருந்தே எனக்கு அது தெரியும். குனிந்தபோது முதுகில் கை வைத்துத் தள்ளினேன். பெரிய பலம் தேவைப்படவில்லை.

ஒருமுறை மேலே வந்து, பாசி படிந்த படி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கை குடுங்க" என்றார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வருவீங்களா?" என்று கேட்டேன்.

"வாரனுங்க. வாரனுங்க."

பயத்தில் சொன்னது. பிரியத்தில் சொல்லியிருந்தால் நிச்சயம் தூக்கிவிட்டிருப்பேன். விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

தனிமை தாங்காமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. எனக்குத் தனிமை பழகியது. யாரும் வராவிட்டாலும் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கொஞ்சம் இருங்கள். நாளைக்கும் விசாரிக்க நீங்கள்தானே வருவீர்கள்?