நாற்காலிக்கு ரெண்டு கால்

— தூக்குடா அத. தூக்கிட்டு வெளிய போ. பின்னங்கால் இல்லாத மூளிச் சாமான் நல்ல காரியம் நடக்கிற வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது.

— மாமா, ஒரு நிமிஷம்...

— மாமாவாவது மண்ணாங்கட்டியாவது! நாற்காலின்னு பேர் வச்சவன் என்ன மடையனா? நாலு காலு, அதனால நாற்காலி. இதுக்கு முன்னாடி ரெண்டு வளைவு இருக்குது, பின்னாடி ஆகாசம் இருக்குது. நொண்டிக் கழுதைடா இது, சென்னகிருஷ்ணா.

— என்னங்க, நீங்க கத்தறது கெலமங்கலம் பூரா கேக்குது. என் தம்பி ஓசூருல இருந்து தாம்பாளத்துல வெத்தலை, பாக்கு, தேங்காயெல்லாம் வச்சு எடுத்துட்டு வந்திருக்கான். முதல்ல உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

— எதுல உக்காரச் சொல்றது மங்கம்மா? அவன் கொண்டாந்ததுலயா? தாம்பாளத்தப் பாத்ததுமே எனக்கு வெளங்கிப் போச்சு. தேன்கனிக்கோட்டை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வீட்ல இருந்து நம்ம ராஜாத்திக்குப் பூ வைக்க வர்றாங்கன்னு எவனோ இவன் காதுல போட்டுட்டான். தாய்மாமன் உரிமைன்னு பொண்ணு கேக்க ஓடியாந்துட்டான்.

— ராஜாத்திக்காகத்தான் வந்தேன் மாமா. ஆனா முதல்ல இத நீங்க ஒத்துக்கணும். அப்பறம்தான் தட்டு.

— எப்படி இருக்குது பாத்தியா! ஏண்டா, மாட்டுப் பண்ணையில கிளார்க்கு உத்தியோகம். ஃபேனுக்கு அடியில நாற்காலி. அதுக்கு நாலு காலும் இருந்துச்சு. அத உதறிட்டு ரோட்டோரம் தகரக் கொட்டாய் போட்டு மரம் வளைக்கிறேங்கற. எரும கொம்பு சீவறவன் உன்னவிட மேலுடா.

— பண்ணைக்கு வந்திருந்த ஸ்வீடன் தேசத்து மாட்டு டாக்டர் வீட்ல இது மாதிரி ஒண்ணு இருந்துச்சு மாமா. நம்ம ஊரு காத்துல காய்ஞ்சு ஒரு பக்கம் பிளந்துருச்சு. அடுப்புல வச்சிருன்னாரு. நான் கொண்டாந்து பிரிச்சுப் பாத்தேன். உள்ள முழுமரமே இல்ல! அத்தனையும் மெல்லிசா எடுத்த மரச் சீவல். அப்பளம் அடுக்கின மாதிரி...

— வெள்ளக்காரன் அடுப்புக்குப் போட்டத எடுத்தாந்து சீமைச் சாமான்னு காட்டற.

— அது வேற, இது நானே பண்ணது. அதாவது மாமா, முழுப் பலகைய வளைச்சா என்ன ஆகும்? வெளிப்பக்கம் நீளணும், உள்பக்கம் சுருங்கணும். மரம் அதுக்கு ஒத்துக்காது. படீர்னு முறியும். இப்ப இந்த வெத்தலையப் பாருங்க...

— தட்டுல கை வைக்காதடா!

— கொஞ்சம் பாருங்க. கட்டா புடிச்சு வளைக்கிறேன். ஓரத்துல படிக்கட்டு மாதிரி நழுவி வருதா? ஒரு எலையாவது கிழிஞ்சுதா? சீவலும் அப்படித்தான். நடுவுல நடுவுல பசை தடவி, வளைஞ்ச அச்சுல வச்சு இறுக்கிக் கட்டிட்டா, பசை காஞ்சப்பறம் திரும்பி நழுவ வழியில்ல. வளைவு அப்படியே நின்னுரும்.

— என்ன பசை? தபாலாபீஸ் கோந்தா?

— பாலு.

— என்னது?

— பால்தான் மாமா. வெண்ணெ எடுத்த பாலத் திரிய வச்சு, அந்தக் கட்டியக் காயப் போட்டு இடிச்சு, சுண்ணாம்பும் தண்ணியும் கலந்தா பசை. காஞ்சா உளியாலயும் பிரிக்க முடியாது.

— மங்கம்மா! கேட்டியா கதைய? இவனுக்குக் கட்டிக் குடுத்தா உன் பொண்ணு பூனைக்குக் காவல் இருக்கணும். பூனை வந்து ஒரு நக்கு நக்கிட்டுப் போனா நாற்காலி பொளந்து கெடக்கும்!

— ஆமா போங்க, உங்களுக்கு எல்லாம் சிரிப்பு. ஏண்டா தம்பி, மரமாவது நல்ல மரமா?

— மாமரம்க்கா. நாகரசம்பட்டித் தோப்புல காய்ப்பு நின்னு போய் வெட்டினது.

— அட கெரகமே! மாங்கட்டையா? மாங்கட்டை எங்க போவும்னு தெரியுமாடா உனக்கு? சுடுகாட்டுக்கு! செத்தப்பறம் என் மேல அடுக்கறதுல உசுரோட உக்காரச் சொல்றான் பாரு.

— சீவலா எடுத்தா அதுவே தனி மரம் மாமா. நாரெல்லாம்...

— நாரு! காசையே நயா பைசாவா மாத்திட்டானுங்க. இனிமே நாற்காலிக்கு ரெண்டு காலு, மனுசனுக்கு ஒத்தக் காலுன்னு சட்டம் வரும். இன்ஸ்பெக்டர் வீட்ல போய்ப் பாருடா. ஈட்டி மரத்து நாற்காலி. ஒவ்வொரு காலும் யானக்காலு.

— யானக்கால் எதுக்கு மாமா? கனம் எங்க எறங்குதுன்னுதான் பாக்கணும். இந்தப் பட்டை தரையில பின்னாடி வரைக்கும் ஓடுது, முன்னாடி வளைஞ்சு மேல ஏறி கைப்பிடி ஆகுது. ரெண்டு பக்கமும் அப்படி. உக்கார்ற எடம் நடுவுல தொங்குது. நீங்க உக்காந்தா கனம் தரைப் பட்டைக்கு நடுவுலதான் எறங்கும். பின்னாடி எப்படிச் சாயும்? பஸ்ஸுக்கு அடியில இரும்புப் பட்டை அடுக்கி வச்சிருக்கான்ல, அது மாதிரி லேசா அமுங்கி எந்திரிக்கும்.

— ஓசூர் பஸ்ஸுல ஏறினா கொடல் வாய்க்கு வருது. அந்த சொகத்த வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டான், மகராசன்.

— பயமா இருந்தா பயம்னு சொல்லிட்டுப் போங்க. எதுக்கு அவன நிக்க வச்சு வையறீங்க?

— யாருக்குடி பயம்? நீயே சாட்சி. இந்தப் பால்கோவா நாற்காலி என் கனத்தத் தாங்குச்சுன்னா இவன் தட்ட வாங்கிக்கிறேன். முறிஞ்சுதுன்னா இவன் இந்த ஊர்ப் பக்கம் தலை காட்டக் கூடாது. சரியாடா?

— சரி மாமா. உக்காருங்க.

— பின்னாடி நின்னு புடிக்காத! தள்ளி நில்லு, இன்னும் தள்ளி... அய்யய்யோ, எறங்குதுடா! சாயுதுடா!

— சாயல மாமா, அமுங்குது. கைய விட்டுட்டு முதுகச் சாயுங்க.

— முறியற சத்தம் கேட்டுச்சு.

— அது உங்க முட்டி.

— என்னங்க? எந்திரிக்கக் கை குடுக்கவா?

— சும்மா இருடி. இடுப்புல வலி புடிச்சிருந்த எடத்துல என்னமோ எதமா இருக்குது. யாரோ கைய வச்சுத் தாங்கற மாதிரி... ஏண்டா, இப்படி ஆடிட்டே இருந்தா முறிஞ்சுறாதா?

— ஆடறதுனாலதான் மாமா முறியல.

— போதும், பாடம் எடுக்காத. எனக்கு இன்னும் புடிக்கல. பாக்க வெட்டுக்கிளி மாதிரி இருக்குது. இத வளைச்ச உன்னையும் புடிக்கல. ஆனா இந்த வெங்கடசாமி வாயில வந்த வார்த்தை வார்த்தைதான். டேய் திம்மராயா! மாட்டுக்குத் தண்ணி காட்டினது போதும், சைக்கிள எடு. இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போயி, பூ வைக்க வர வேண்டாம், பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்கான்னு சொல்லிட்டு வா.

— மாமா, இருங்க, நான் சொல்ல வந்தது...

— நீ என்னத்தச் சொல்லுவ? பாலு, சுண்ணாம்பு, சீவலு! திம்மராயா, நிக்காதடா, மிதி!

— நீங்க நல்லா இருக்கணுங்க! அடி ராஜாத்தி, வெளிய வாடி, உங்கப்பன் மனசு எறங்கிட்டாரு!

— என்னடா மொகம் வெளுத்துப் போச்சு? போனாப் போவுதுன்னு பொண்ணு குடுத்தாச்சு, தட்ட நீட்டு. ஆனா ஒண்ணு, இந்த வெட்டுக்கிளி இங்கயேதான் இருக்கும். நான் எந்திரிக்கிறதா இல்ல.

— அக்கா, ஓடிப் போய் அந்த சைக்கிள நிறுத்து! மாமா, நான் பொண்ணு கேக்க வரல. அந்த இன்ஸ்பெக்டர் மவனத்தான் புடிச்சிருக்குன்னு ராஜாத்தியே எங்கிட்டச் சொன்னா. ஊரு உரிமைன்னு சொல்லும். காது குத்தறப்ப என் மடியில உக்காந்து, என் சட்டையப் புடிச்சுட்டு அழுத புள்ளைய நான் எப்படிக் கட்டுவேன்? அந்தத் தட்டும், நீங்க உக்காந்திருக்கிறதும் அவ கல்யாணத்துக்கு நான் கொண்டாந்த மாமன் சீரு. எந்திரிங்க.