படத்தில் மூன்று கையுறை

2009 பெப்ரவரி 2, திங்கட்கிழமை காலை, கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ், ஒரு வீட்டுக் கராஜ். பனி கொட்டி நகரில் ஒரு பஸ்ஸும் ஓடவில்லை.

சிவகௌரி: தேத்தண்ணி ஆறுது.

நித்தியானந்தன்: வையும் அதில. ஸ்ராட் கயிறை இந்த ஒரு இழுவையோட...

சிவகௌரி: விடிஞ்சதிலயிருந்து இந்த ஒரு இழுவைதான்.

நித்தியானந்தன்: கதை குடுக்காதையும், மூச்சு வாங்குது... ம்ம்... ஹா! ஐயோ!

சிவகௌரி: ஸ்ராட் வந்திட்டுதோ?

நித்தியானந்தன்: முழங்கை சுவரில இடிபட்டுப்போச்சு.

சிவகௌரி: இறங்குங்கோ கொஞ்சம். அண்ணை போன் எடுத்தவர். வீடியோ கமராவும் கொண்டு வாறாராம்.

நித்தியானந்தன்: ஆர், நவமோ? இந்தப் பனிக்கையோ?

சிவகௌரி: அடுத்த தெருவில இருந்து வர பஸ் தேவையே? “இப்பிடி ஒரு பனி இனி எந்தக் காலம்? மச்சான் ஸ்னோ ஸ்கூட்டர் ஓடுறதை இண்டைக்குப் பாக்காமல் விடமாட்டன்” எண்டார். அயலட்டைக்கும் சொல்லிப்போட்டார் போல.

நித்தியானந்தன்: திருத்தி முடியேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே நீர்.

சிவகௌரி: போன முறை பனி கொட்டேக்கையும் அதைத்தான் சொன்னனான்.

நித்தியானந்தன்: போன முறை காபரேற்றர் அடைச்சிருந்தது. பழைய பெற்றோல் உள்ளுக்க கிடந்து பிசின் மாதிரிப் போச்சு. அது மெய்.

சிவகௌரி: மெய்தான். என்ரை ஊசியாலதானே குத்தி எடுத்தனீங்கள்.

நித்தியானந்தன்: காத்து இழுக்கிற பெட்டிக்குள்ள எலி கூடு கட்டியிருந்தது. அதுவும் பொய்யே?

சிவகௌரி: ஆர் பொய் எண்டது? இந்த வண்டியால சுகம் கண்டது அந்த எலி ஒண்டுதான் எண்டு சொன்னனான்.

நித்தியானந்தன்: சிரியும், சிரியும். உம்மைக் கட்ட முந்திச் செய்த வண்டி இது. பழசு வாங்கினால் இப்பிடித்தான். ஒண்டைப் பூட்ட இன்னொண்டு இளிக்கும். பெல்ற் வெடிச்சுக் கிடந்தது, மாத்தினன். பின்பக்கத்து றப்பர்ப் பட்டி தளர்ந்து கிடந்தது, இறுக்கினன். பெற்றோலுக்கு அளந்து ஓயில் கலந்திருக்கிறன். எல்லாம் சரி. பிளக்கில பொறி மட்டும்தான் வரேல்லை.

சிவகௌரி: நோர்வேயில இருக்கேக்கை பொறி வராட்டி என்ன செய்வீங்கள்?

நித்தியானந்தன்: அங்கை... அங்கை வராமல் விட்டதே இல்லை.

சிவகௌரி: ஓகோ.

நித்தியானந்தன்: என்ன ஓகோ? முன் அறையில உம்மட வீணை தந்தி இல்லாமல் எத்தினை வருசமா நிக்குது? நான் ஏதும் கேட்டனானோ?

சிவகௌரி: கதையை மாத்தாதையுங்கோ. அதுக்குத் தந்தி சென்னையில இருந்து வரவேணும்.

நித்தியானந்தன்: ஓம். வரும்.

நவரத்தினம்: மச்சான்! கராஜ் கதவைத் திறவுங்கோ! விறைச்சுப்போனன்!

சிவகௌரி: தள்ளிக்கொண்டு வாங்கோ அண்ணை, பூட்டேல்லை.

நவரத்தினம்: அப்பாடா... எங்கை எங்கட துருவ வீரன்? என்ன மச்சான், இன்னும் பிளக்கைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு? ஒழுங்கையில சனம் நிக்குது. எதிர் வீட்டு வெள்ளைக் கிழவன் கதிரை போட்டு இருந்திட்டான்.

நித்தியானந்தன்: பொறி வரேல்லை நவம். இஞ்சின் கொயிலும் மாத்திப் பாத்திட்டன்.

நவரத்தினம்: கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுப் பாருங்கோவன். ஊரில பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின சனம் நாங்கள்.

நித்தியானந்தன்: உம்மட யோசனையைக் கேட்டு ஒருக்கா விட்டதாலதான் காபரேற்றரை முழுக்கக் கழட்ட வேண்டி வந்தது. மற்றப் பக்கம் வந்து இன்னொரு யோசனை சொல்லாதையும்.

நவரத்தினம்: சரி சரி, நோர்வேக்காரருக்கு நான் சொல்லக்கூடாதுதான். இஞ்சை தங்கச்சி, உனக்கு வந்த மாப்பிள்ளைப் படங்கள் ஞாபகம் இருக்கோ? ஒருத்தன் ஆற்றையோ காரில சாஞ்சுகொண்டு நிண்டான். இன்னொருத்தன் பூந்தொட்டியோட. இவர் மட்டும் பனிக்குள்ள, இதுமாதிரி ஒண்டின்ரை மேல குந்திக்கொண்டு! “இதென்ன வாகனம், சில்லைக் காணேல்லை” எண்டு அம்மா கேட்டவ. ஐயா என்ன சொன்னவர் தெரியுமே? “சில்லில்லாமலே ஓடுறவன் என்ரை பிள்ளையை நடுவழியில விடமாட்டான்.”

சிவகௌரி: ஞாபகம் இருக்கு.

நவரத்தினம்: படத்துக்குப் பின்னால வடிவா எழுதியும் இருந்தது. “எனது சொந்த வாகனத்தில்.” அந்த ஒரு வசனத்துக்குத்தான் ஐயா தலையாட்டினவர். என்ன மச்சான்?

நித்தியானந்தன்: அது... அந்தக் காலம்.

நவரத்தினம்: அந்தக் காலத்தை இண்டைக்கு ஒருக்காக் காட்டுங்கோ எண்டுதானே கேக்கிறன். ஒழுங்கையில ஒரு சுத்து. காணும். இல்லாட்டி கோயில்ல ஆக்கள் கதைக்கிறதை நானும் நம்ப வேண்டி வரும்.

சிவகௌரி: என்ன கதைக்கினம்?

நவரத்தினம்: குந்தியிருந்து படமெடுத்தவனெல்லாம் ஓடினவனோ எண்டு. இந்த வண்டிக்குப் பூசை செய்ய ஐயரைக் கூப்பிட்டீங்களெல்லோ, சில்லில்லாத வண்டிக்குத் தேசிக்காயை எங்கை வைக்கிறது எண்டு மனுசன் திகைச்சு நிண்டவராம். அதிலயிருந்து கதை கோயிலடி முழுக்க...

சிவகௌரி: அண்ணை, உங்கட கமராவில பனி பிடிச்சிருக்கு. வெளியில வெளிச்சத்தில வைச்சுத் துடையுங்கோ.

நவரத்தினம்: எங்கை? ஓமடி... சரி, துடைச்சுக்கொண்டு நிக்கிறன். கெதியா மச்சான், கிழவன் விறைச்சுச் செத்துப்போவான்!

சிவகௌரி: இஞ்சேருங்கோ.

நித்தியானந்தன்: போய்ச் சொல்லும், எனக்குத் தலையிடி எண்டு.

சிவகௌரி: கைப்பிடிக்குக் கிட்ட அந்தக் கறுப்புக் குமிழ் என்னத்துக்கு?

நித்தியானந்தன்: எது? இதோ? அது... சும்மா. அலங்காரத்துக்கு.

சிவகௌரி: அலங்காரத்துக்கு.

நித்தியானந்தன்: பழைய வண்டியளில வைக்கிறவங்கள்.

சிவகௌரி: அப்ப இதையும் அந்த அலங்காரத்தில கொழுவிப் பாருங்கோ.

நித்தியானந்தன்: இதென்ன... ரெலிபோன் வயர் மாதிரி, சிவப்பாச் சுருண்டு... எங்கை கிடந்தது?

சிவகௌரி: என்ரை தையல் பெட்டிக்குள்ள. வண்டியைக் கொண்டந்து இறக்கின ஆள் தந்தவன். நீங்கள் அண்டைக்கு வேலையில. இந்த முனை வண்டியில, மற்ற முனை ஓடுறவற்றை உடுப்பில. ஆள் விழுந்தால் கயிறு கழண்டு இஞ்சின் தன்பாட்டில நிண்டிடுமாம். இது கொழுவாட்டிப் பொறி வராது, பத்திரமா வையுங்கோ எண்டான். நான் பத்திரமா வைச்சன்.

நித்தியானந்தன்: ரெண்டு மாரிக் காலமாவோ? நான் கொயில் மாத்தி, வயர் மாத்தி, சீமெந்து நிலத்தில கிடந்து முதுகு நாரி பிடிச்சு...

சிவகௌரி: ஓம். நாரிக்கு எண்ணெய் பூசினதும் நான்தான்.

நித்தியானந்தன்: உமக்கென்ன விசரே!

சிவகௌரி: மெல்லக் கதையுங்கோ, வெளியில அண்ணை... வண்டி ஸ்ராட் வந்தால் நீங்கள் ஓடவேணும். வராட்டி ஓடத் தேவையில்லை.

நித்தியானந்தன்: எனக்கு ஓடத் தெரியாது எண்டு உமக்கு ஆர் சொன்னது?

சிவகௌரி: படம் சொன்னது. உங்கட ரெண்டு கையும் கைப்பிடியில. ஓரத்தில மூண்டாவதா ஒரு கையுறை. அதுதான் இந்தச் சிவப்புக் கயிறைப் பிடிச்சுக்கொண்டிருக்கு. படத்தில பக்கத்து ஆளை வெட்டின நீங்கள் கையை வெட்ட மறந்திட்டியள். தேத்தண்ணியைக் குடியுங்கோ.

நித்தியானந்தன்: நோர்வேயில நான் வேலை செய்த மீன் பக்ரறிப் போர்மன். அவன்ரை வண்டி. கயிறைத் தரமாட்டன் எண்டிட்டான். “ஏறு, படம் எடு, இறங்கு.” அவ்வளவுதான். பனியில ஓடுற வண்டி எண்டு நான் சொந்தமா வாங்கினது இதுதான் முதல்.

சிவகௌரி: அப்பிடித்தான் நானும் நினைச்சன்.

நித்தியானந்தன்: எப்ப?

சிவகௌரி: படம் வந்த அண்டைக்கு.

நித்தியானந்தன்: தெரிஞ்சுகொண்டோ ஓம் எண்டனீர்?

சிவகௌரி: அதைப் பேந்து கதைப்பம். இப்ப கொழுவுங்கோ.

நித்தியானந்தன்: ஸ்ராட் வந்தால் பேந்து நான் ஓடவேணுமே! பிரேக் எந்தக் கையில எண்டு கூட...

சிவகௌரி: ஓட வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு நல்லா உறுமவிடுங்கோ. புகை ஒழுங்கை முழுக்கப் போகட்டும். பிறகு நிப்பாட்டிப்போட்டு, லண்டன் றோட்டில இதை இறக்கினால் பொலிஸ் பிடிக்கும் எண்டு சொல்லுங்கோ. ஸ்ராட் வராத வண்டிக்குத்தான் சனம் சிரிக்கும். சட்டத்துக்குப் பயந்தவனைப் பாத்து ஆரும் சிரிக்கிறேல்லை.

நித்தியானந்தன்: இதை எப்ப யோசிச்சனீர்?

சிவகௌரி: தையல் பெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம்.

நித்தியானந்தன்: தள்ளி நில்லும்... இழுக்கிறன்... கௌரி! கௌரி, வந்திட்டுது!

நவரத்தினம்: ஐயோ மச்சான்! வந்திட்டுது! இறக்குங்கோ வெளியில! நான் எடுத்துக்கொண்டு நிக்கிறன்!

நித்தியானந்தன்: ஏலாது நவம்! சட்டம்!

நவரத்தினம்: என்ன? கேக்கேல்லை!

நித்தியானந்தன்: சட்டம்! றோட்டில ஓட விடாது! பொலிஸ்!

நவரத்தினம்: அட, ஓம் என்ன... பொலிஸ் பிடிச்சால் உங்கட டாக்சி லைசென்சுக்கும் பிரச்சினை வருமே. சரி சரி, நிப்பாட்டுங்கோ, புகை மூக்கை அடைக்குது. சத்தமும் புகையும் வடிவா விழுந்திருக்கு. வெள்ளிக்கிழமை கோயில்ல போட்டுக் காட்டுறன், வாய் திறக்கட்டும் பாப்பம்!

சிவகௌரி: உள்ள போய் இருங்கோ அண்ணை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.

நவரத்தினம்: இஞ்சி போடு. அந்தக் கிழவனுக்கும் ஒண்டு.

நித்தியானந்தன்: நில்லும் கௌரி... இப்ப சொல்லும். தெரிஞ்சும் ஏன் ஓம் எண்டனீர்?

சிவகௌரி: என்ரை படமும் உங்களுக்கு வந்ததுதானே. வீணையோட.

நித்தியானந்தன்: வந்தது.

சிவகௌரி: அது ஸ்ரூடியோக்காரன்ரை வீணை. எனக்கு ஒரு சுரம் தெரியாது. குடம் எந்தப் பக்கம் வரவேணும் எண்டும் தெரியாமல் மாறிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். அப்ப எனக்கு உங்களைக் கேக்க என்ன வாய்? பேந்து நீங்கள் ஆசையா ஒரு வீணை வாங்கிக்கொண்டு வந்து வைச்சியள். எனக்கு உயிரே போட்டுது. நல்ல காலம், அதில தந்தி இல்லை.

நித்தியானந்தன்: தந்தி இல்லாததாப் பாத்துத்தான் வாங்கினனான்.