இருபது கிளிக்

சக்கர நட்டைக் கழட்ட டொயோட்டாவுக்கு இருபத்தொண்ணாம் நம்பர் ஸ்பானர், சுபாருவுக்குப் பத்தொம்பது. பன்னெண்டு வருஷத்துல ஒருநாள்கூட நான் மாத்திப் போட்டதில்ல, ஐயா. வேலையில நான் சுத்தம். இந்த அவொமொரி ஊர்ல யாரை வேணா கேளுங்க.

ஆனா பயந்தாங்கொள்ளி. அதையும் சொல்லிடறேன். பட்டறை முதலாளி இருமினாக்கூட என் குரல் நடுங்கும்.

அந்த பிரேக் விஷயமும் பயத்துல வந்ததுதான். சட்டப்படி சோதனைக்கு வர்ற வண்டியில சக்கரத்தைக் கழட்டி பிரேக்கைப் பார்க்கணும். நேரமாச்சுன்னு முதலாளி கத்துவாரேன்னு, கழட்டாமலே 'சரி'ன்னு முத்திரை குத்திடுவேன். ரெண்டு வருஷமா அப்படித்தான். என்கூட வேலை பார்த்த சீனியர் மெக்கானிக் சசமோரி அண்ணன் கண்டுபிடிச்சுட்டாரு. மனுஷன் கத்தல. டீயைக் கையில குடுத்துட்டுச் சொன்னாரு:

"திங்கக்கிழமை நீயே போய் முதலாளிகிட்ட சொல்லிடு, நருமி. இல்லேன்னா நான் சொல்ல வேண்டியதாயிடும். அந்த வண்டிங்கள்ல புள்ளகுட்டிங்க போகுதுடா."

சொன்னா மெக்கானிக் லைசென்ஸ் போயிடும், ஜெயிலும் உண்டு.

வெள்ளிக்கிழமை முதல் பனி விழுந்துச்சு. குளிர்கால டயர் மாத்த ஊரே வரிசையில நின்னுச்சு. அண்ணன் தன் வண்டியையும் கொண்டாந்து விட்டாரு. மறுநாள் குடும்பத்தோட கணவாய் தாண்டி மாமியார் வீட்டுக்குப் போறாராம். நான்தான் மாத்தினேன்.

நட்டு முடுக்கற டார்க் ரெஞ்சுல எவ்வளவு இறுக்கணும்னு அளவு வெச்சுடுவோம். அந்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்'னு சத்தம் கேட்கும். எங்க பட்டறையில ஒருத்தர் முடுக்குவாரு, இன்னொருத்தர் பக்கத்துல நின்னு கிளிக்கை எண்ணிக் கையெழுத்துப் போடுவாரு. நூத்திமூணுல வைக்கணும். நான் முப்பதுல வெச்சேன். எந்த அளவுல வெச்சாலும் சத்தம் ஒண்ணுதான். நாலு சக்கரம், இருபது நட்டு. அண்ணன் இருபதையும் எண்ணிட்டு, "உன் கை சுத்தமான கைடா. புத்திதான் கோணல்"னு சிரிச்சுக்கிட்டே தன் பேரை எழுதினாரு.

அவர் சாகணும்னு நான் நினைக்கல, ஐயா. திங்கக்கிழமை வேலைக்கு வராம இருந்தாப் போதும். அவ்வளவுதான் நினைச்சேன்.

சனிக்கிழமை காலையில பத்தரைக்கு போன் அடிச்சுது. அண்ணன்தான், வண்டி ஓட்டிக்கிட்டே ஸ்பீக்கர்ல பேசினாரு.

"நருமி, ஸ்டியரிங் லேசா உதறுதுடா. ஓரங்கட்டிப் பார்க்கட்டுமா?"

பின்சீட்டுல அவர் பொண்ணு பாடிக்கிட்டிருந்தா. ஆறு வயசு. "அப்பா பேசறாருல்ல, செத்த சும்மா இருடி"ன்னு அண்ணி அதட்டினது கேட்டுது.

ஓரங்கட்டினா நட்டைத் தொட்டுப் பார்ப்பாரு. தொட்டா எல்லாம் தெரிஞ்சுடும்.

"புது டயர்னா அப்படித்தாண்ணே இருக்கும். பயப்படாம போங்க"ன்னேன்.

"நீ சொன்னா சரிதான்"னுட்டு வெச்சுட்டாரு.

ரெண்டு வளைவு தாண்டினதும் முன்சக்கரம் கழண்டு, வண்டி பள்ளத்துல போயிடுச்சு. மூணு பேருமே போயிட்டாங்க.

நான் கொலைகாரன் இல்ல, ஐயா. பயந்தவன். பயந்தவன் செய்யறதுக்கெல்லாம் அந்தப் பேரு வைக்க முடியுமா?

அவர் வண்டிக் கேமராவுல அந்தப் பேச்சு பதிவாயிருக்கு, போட்டுக் காட்டறேன்னீங்களே. அது மட்டும் வேண்டாம். நான் எத்தனையோ தடவை மனசுக்குள்ள கேட்டுட்டேன். அதுல என் குரல் நடுங்கவே இல்ல.