‘தளத்துக்குப் பொறுப்பு நான்’ என்றவருக்கு

பூரோசன் பனிமண்டபத்தின் தளப் பொறுப்பாளராக இருபத்தொரு ஆண்டுகள் இமைசோராது உழைத்து, இன்று ஓய்வுபெறும் பெருமதிப்புக்குரிய திரு. ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு, உடன் உழைத்த தமிழ்ப் பணியாளர் மூவர் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்.

பனித்தளம் காத்த பண்பாளரே!

நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக ஐஸில் கால்வைத்து, அன்றே மூன்று முறை விழுந்து, நான்காம் முறை எழுந்தபோது தளத்தில் புது ஐஸ் போடும் வண்டியின் திறப்பைக் கேட்டு வாங்கியவரே! வெளியே மைனஸ் பதினைந்து குளிர் வீசியபோதும், "கதவைச் சாத்துங்கோ, குளிர் வெளியிலை போகுது!" என்று எங்களை விரட்டிய விந்தை மனிதரே! வழுக்கும் தளத்தில் வழுவாது நின்ற வல்லவரே! வணங்குகிறோம்.

கண்ணாடிபோல் தெளிந்த தளமும், கடுகளவும் பிசகாத கோடுகளும் உங்கள் கைவண்ணம். ஆட்டத்துக்கு இறங்கும் ஹொக்கி வீரர் ஒவ்வொருவரும் உங்கள் வண்டியின் சில்லில் மட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டே போவார். ஒஸ்லோவின் வேறு மண்டபங்களில் இந்த வழக்கத்தை நாங்கள் கண்டதில்லை. உங்களுக்கு வந்த அந்த மரியாதையைப் பார்த்து, துடைப்பத்தோடு ஓரத்தில் நின்ற நாங்களும் நெஞ்சு நிமிர்த்தினோம்.

கொள்கை தவறாத குணக்குன்றே!

2005 தை மாதத்தைச் சொல்லாமல் விட்டால் இது பாதி மடலாகவே இருக்கும். அத்திலாந்திக்குக்கு அப்பால், வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கின் உரிமையாளர்கள், ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்திருந்த குளிர்காலம் அது. அந்தக் காற்று எங்கள் குரோருட் பள்ளத்தாக்கிலும் வீசியது. காயப்பட்ட ஆட்டக்காரரை இரண்டு கிழமையில் விலக்கிவிடலாம் என்றொரு விதியை, மண்டபத்தையும் நடத்தும் எங்கள் ஹொக்கிக் கழக உரிமையாளர் பருவத்தின் நடுவே ஒப்பந்தத்தில் புகுத்தப் பார்த்தார். இருபத்திரண்டு பேரும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்றார்கள். கடலுக்கு அப்பால் வேலையில்லாமல் இருப்பவர்களை விமானத்தில் இறக்கியாவது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நடத்திக் காட்டுவேன் என்றார் உரிமையாளர்.

வேலைநிறுத்தம் என்றதும் எங்கள் மூவருக்கும் நினைவுக்கு வந்தது ஊர் ஹர்த்தால்தான். கடையைப் பூட்டு, வண்டியை மறி, விளக்கை அணை! வாசலில் நிற்பவர்களுக்கு உதவுகிறோம் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து போகும்போது குளிரூட்டும் இயந்திரத்தின் மின் ஆளியை இறக்கிவிட்டோம். ஏதோ பெரிதாகச் சாதித்தவர்கள்போல் சுரங்க ரயிலில் ஏறி வீட்டுக்கும் போனோம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நீங்கள் வந்தபோது தளம் வியர்த்துக் கிடந்தது. பத்து மணிக்கு ரொம்சோஸிலிருந்தும் குரோருட்டிலிருந்தும் எண்பது பிள்ளைகள் பயிற்சிக்கு வரவிருந்தார்கள். ஆளியை ஏற்றி, மெல்லிய படலமாகத் தண்ணீர் விட்டு உறையவைத்து, மேலும் ஒரு படலம் விட்டு, சொன்ன நேரத்துக்குத் தளத்தை மீட்டீர்கள். பிறகு எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டீர்கள்.

"ஹர்த்தால் எண்டு நினைச்சியளோ? இஞ்சை வேலைநிறுத்தம் எண்டால் அவனவன் தன்ரை கையை எடுக்கிறது. பிள்ளையளின்ரை ஐஸை உருக்கிறதில்லை."

அவ்வளவுதான் சொன்னீர்கள். கோப்பையை வைத்துவிட்டு, தளத்தின் ஓரத்தில் தேங்கிய தண்ணீரைத் துடைக்கப் போனோம்.

அஞ்சா நெஞ்சத்து ஆண்தகையே!

மறுநாள் உங்கள் கையை நீங்கள் எடுத்துக் காட்டினீர்கள். வாடகை வீரர்கள் உடைமாற்றிக் காத்திருக்க, வண்டியை எடுக்கும்படி உரிமையாளர் கட்டளையிட்டார். "பிள்ளையளுக்கு எத்தினை தரமெண்டாலும் ஐஸ் போடுவன். வெளியிலை நிக்கிறவையின்ரை இடத்தை நிரப்பப் போடமாட்டன்" என்று சொல்லி, திறப்பை அவருடைய மேசையில் வைத்தீர்கள். நோர்வேஜிய மொழியில் சொன்னதை அருகில் நின்ற எங்களுக்குத் தமிழிலும் சொன்னீர்கள். புது ஐஸ் போடாத தளத்தில் ஆட்டத்தைத் தொடங்க நடுவர் மறுத்துவிட்டார். புதன்கிழமை அந்த விதி மீளப்பெறப்பட்டது. திரும்பி வந்த வீரர்கள் உங்கள் வண்டியின் சில்லில் தட்டினார்கள். எண்ணிப் பார்த்தோம், இருபத்திரண்டு தட்டு. எங்கள் ஆள், எங்கள் தமிழ் ஆள் என்று அன்று கண்டவர்களிடமெல்லாம் பெருமை பேசித் திரிந்தோம்.

ஆனால் இடையில் ஒரு திங்கட்கிழமை இருந்தது. வெள்ளி இரவு இயந்திரம் நின்றிருந்ததைப் பதிவேட்டில் கண்டு, ஆளியை இறக்கியது யார் என்று உரிமையாளர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டார். எங்களில் ஒருவர் லோறென்ஸ்கூக்கில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தார். மற்ற இருவரும் தற்காலிகப் பணியில் இருந்தோம். மூவரும் நிலத்தைப் பார்த்தோம். நீங்கள் ஓரடி முன்னே வந்து, "தளத்துக்குப் பொறுப்பு நான்" என்றீர்கள். எழுத்துமூல எச்சரிக்கை உங்கள் கோப்பில் ஏறியது. அந்த வசந்தத்தில் உங்களுக்கு வரவேண்டிய தலைமைப் பதவி அந்தக் கடிதத்தால் வேறொருவருக்குப் போனது.  இயந்திர அறைப் பக்கம் நாங்கள் போனால் மட்டும், "கையைப் பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நான்கு வருடம் வாய்மூடி இருந்ததை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

எங்கள் அன்புக்குரிய அண்ணையே!

இன்று காலை நாங்கள் மூவரும் மண்டப மேலாளரின் அறைக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். உங்கள் பெயரிலிருந்த எச்சரிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்து அவர் எங்களிடம் தந்தார். எங்களுக்கு என்ன கடிதம் வருமோ தெரியாது. வரட்டும், வரவேண்டிய விலாசத்துக்குத்தான் வருகிறது.

உங்கள் துணைவியார் யோகாம்பாள் அக்காவோடு நோய்நொடியின்றி நூறாண்டு கடந்தும் நீங்கள் நிறைவாக வாழ வேண்டும்! குளிர் போகாமல் இனி வீட்டுக் கதவை மட்டும் சாத்திக்கொண்டு, காலை பத்து மணிவரை போர்வைக்குள் கிடக்க வேண்டும்! சனிக்கிழமைகளில் பார்வையாளராக வந்து, எங்கள் ஐஸில் குறை பிடிக்க வேண்டும்!

இந்த மடலைச் சுவரில் மாட்டுமுன் அதன் கண்ணாடிச் சட்டத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் அந்த எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. அதிலிருந்த உங்கள் பெயரை வெட்டிவிட்டு, கீழே உள்ள மூன்று பெயர்களை எழுதியிருக்கிறோம்.

ரொம்சோஸ், ஒஸ்லோ
29.05.2009

ஆளியை இறக்கியவர்கள்,
குலேந்திரன் (இயந்திர அறை)
மரியரஞ்சனி (துப்புரவுப் பகுதி)
உதயகுமாரி (சிற்றுண்டிச்சாலை)