ஜோடி சேராத ரெண்டு போர்டு

இல்ல பாய், நல்ல போர்டு ஒண்ணு எடுத்து வெச்சிட்டோம்ல, அது போதும். ரெண்டாவது கொஞ்சம் மட்டமா காட்டுங்க. பட்டன அமுக்குனா லேட்டா வேல செய்யணும்.

ஆமா, லேட்டா. சரியாத்தான் கேட்டீங்க.

வெல கம்மியா வேணும்னு கேக்கல பாய். நல்லதுக்கு என்ன வெலயோ அதையே குடுத்துடறேன். ரிட்டர்ன் வந்தது எதாச்சும் இருக்குமே, இத வெச்சு ஆடவே முடியலன்னு யாராச்சும் திட்டிட்டுப் போட்டுட்டுப் போயிருப்பாங்களே, அந்த மாதிரி.

சிரிக்காதீங்க. மொதல்லேந்து சொல்றேன். எங்க வூட்ல ஒரு கேம் பொட்டி செய்யறோம். அப்பல்லாம் கடைங்கள்ல இருக்குமே, நின்னுகிட்டு ஆடுறது, ஜாய்ஸ்டிக்கு, பட்டனு, ரெண்டு பேரு மோதிக்கிற சண்ட கேமு. எங்கண்ணன் மதியழகனும் நானும்தான் செய்யறோம். பழைய கம்ப்யூட்டர உள்ள வெச்சாச்சு. பட்டன் வர்ற பலகைக்கு மேல லெதர் ஒட்டிட்டோம், ஷூ கம்பெனில கழிச்ச பீஸு. வூட்ல ஒரே தோல் வாசன. பகலெல்லாம் மோந்தது பத்தலியாடி ஒனக்குன்னு எங்கம்மா கேக்குது. ஒயரு மாட்டுறது நானு. அவன் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்து ஒவ்வொண்ணுக்கும் கொற சொல்லுவான்.

இப்ப பட்டன அமுக்குனதும் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்ற இந்த போர்டு மட்டும்தான் பாக்கி. ஆளுக்கு ஒண்ணு.

ஐயோ, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே போர்டு வேணாம் பாய். அதுல ரெண்டு பக்கமும் ஒரே வேகமா இருக்கும். எனக்கு ஒரு பக்கம் வேகம், ஒரு பக்கம் மெதுவு.

இன்னா அப்பிடிப் பாக்குறீங்க. ஆமா, ஏமாத்து வேலதான். ஆம்பூர்லயே இந்த மாதிரி எலக்ட்ரானிக் சாமான் கட இருக்கு. அங்க கேட்டா சாயங்காலத்துக்குள்ள எங்கண்ணன் காதுக்குப் போய்டும். அதான் லீவு போட்டுட்டு வேலூருக்கு பஸ் ஏறிட்டேன்.

கூடப் பொறந்தவன ஏமாத்துறியேம்மான்னு கேக்குறீங்க. கேளுங்க, கேக்க வேண்டியதுதான். நான் ஷூ கம்பெனில என்னா வேல பாக்குறேன் தெரியுமா. ஜோடி பாக்குறது. எடது, வலது ரெண்டையும் பக்கத்துல வெச்சு கலரு, தையலு, ஒயரம், நூலளவு வித்தியாசம் இருந்தாலும் செவப்புப் புள்ளி ஒட்டித் தனியா வெச்சிடுவேன். தைக்கிற பொண்ணுங்க என்னப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கும். வஜீதான்னு ஒருத்தி, ஒன்னப் பொண்ணு பாக்க வர்றவன் காலு ரெண்டும் ஒரே அளவா இருக்கணுமேடின்னு கேட்டா. அப்பிடிப்பட்டவ வந்து ஜோடி சேராம ரெண்டு குடுங்கன்னு நிக்கிறேன். எனக்கே கூச்சமாத்தான் இருக்கு.

ஆங், அந்த டப்பாவா. ஒண்ணொண்ணா மாட்டிக் காட்டுங்களேன், நான் அமுக்கிப் பாக்குறேன்.

அமுக்கிட்டேன். எங்க, ஸ்க்ரீன்ல ஆளு குதிக்கவே மாட்டேங்குறான். ஆ, இப்ப குதிக்கிறான். அமுக்குனதே எனக்கு மறந்து போச்சு. இது ரொம்ப ஜாஸ்தி பாய். மொத ஆட்டத்துலயே அவன் கண்டுபுடிச்சிடுவான்.

இது ஒரு வாட்டி குதிக்குது, ஒரு வாட்டி சும்மா நிக்குது. வேணாம், பட்டன் ரிப்பேருன்னு பொட்டியத் தொறந்துடுவான். ஒழுங்கா லேட்டாவணும் பாய். தெனம் கரெக்டா அஞ்சு நிமிசம் லேட்டா வர்ற பஸ் மாதிரி.

இது. இருங்க, இன்னொரு வாட்டி. ஆங். கண்ணு மூடித் தொறக்குற நேரம், அவ்ளோதான். அருமையா இருக்கு பாய். இத எவன் ரிட்டர்ன் பண்ணான், ரசன இல்லாதவன்.

இது பச்சையா இருக்கே. அந்த நல்லதயும் பச்சையிலயே மாத்திக் குடுங்க. பாத்தா ஜோடி மாதிரி இருக்கணும்.

எந்தப் பக்கம்னா? இவ்ளோ நேரம் அண்ணன் பக்கம் மாட்டப் போறேன்னா நெனச்சீங்க. அதான் அந்தப் பார்வையா.

இது என் பக்கத்துக்கு பாய்.

பொங்கலுக்கு அப்புறம் கம்பெனி கட்டிங் மிஷின்ல அண்ணனுக்கு வலது கையில ரெண்டு வெரலு போய்டுச்சு. பட்டன் அமுக்குறது அந்தக் கைதான. மிச்ச வெரலு இன்னும் பழகல. படுத்தே கெடந்தான், பொட்டி செய்யலாமான்னு கேட்டப்பத்தான் எழுந்து ஒக்காந்தான். போன மாசம் கீபோர்டுல ரெண்டு பேரும் ஆடிப் பாத்தோம். நான் வேணும்னே தோத்தேன். மூஞ்சிய வெச்சே கண்டுபுடிச்சிட்டான். ஒயரப் புடுங்கிட்டு நாலு நாளு எங்கூடப் பேசல. இன்னொரு வாட்டி விட்டுக் குடுத்தேன்னா பொட்டியப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுவேன்னான். செய்வான் பாய், அப்பிடிப்பட்ட ஆளுதான்.

நெசமா ஆடுனா நான் ஜெயிச்சிடறேன், அதான் பேஜாரு. இந்த போர்டு இருந்தா நான் உயிரக் குடுத்து ஆடலாம். திட்டலாம், பட்டனப் போட்டுக் குத்தலாம், மூஞ்சில ஒண்ணும் தெரியாது. நெசமாவே தோத்துடுவேன்.

அட, வெல எதுக்குக் கொறைக்கிறீங்க. வேணாம் பாய், முழு வெலையே போட்டுக்குங்க. அதுக்குப் பதிலா ஒண்ணு பண்ணுங்க, அந்த லேட்டு போர்டு அடியில சின்னதா ஒரு புள்ளி வெச்சுக் குடுங்க. வூட்டுக்குப் போய் மாத்தி மாட்டிட்டா வம்பாயிடும்.

இல்ல, செவப்புல வேணாம். அவனும் எங்க கம்பெனிலதான் இருந்தான். செவப்புப் புள்ளின்னா நான் கழிச்சதுன்னு தெரிஞ்சிடும்.