ஒல்லிக்குப் பிரஷர் வராதா?

கடலூர்–சிதம்பரம் பேருந்தில், காலை எட்டேகாலுக்கு, என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள் என்பதை விரல் கறை சொன்னது.

“எலும்பும் தோலுமா இருக்கேன், எனக்குப் போயி பிரஷராம் அண்ணி,” என்றாள் மெலிந்தவள்.

“போன மாச மருத்துவ முகாம்ல பாக்கலயா?”

“குண்டா இருக்கறவங்களுக்குத்தான் கையில பட்டை கட்டிப் பாத்தாங்க. ஒனக்கு வேணாம், போம்மான்னுட்டாங்க. இப்ப மயங்கி வுழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனா, உப்ப ஏன் தின்னேன்னு திட்றாங்க.”

“கொறச்சுக்கயேன்.”

“சின்ன வயசுலேர்ந்து அரை வயித்துக் கஞ்சி. அப்படி வளந்த ஒடம்புக்கு உப்பு ஆவாதாம். காய், பழம், பால் சாப்புடணுமாம். அதெல்லாம் இருந்தா நான் ஏன் கஞ்சிக்கு உப்பத் தொட்டுக்கறேன்?”

“இப்ப சிதம்பரத்துக்கு எதுக்கு?”

“அங்க துணிக்கடையில நிக்கிறாளே எம் பொண்ணு, அவளும் ஒல்லி. பிரஷர் பாக்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போறேன். அவளையும் வேணாம்னு அனுப்பட்டும், என் பிரஷர் சீட்டக் காட்டிக் கேக்கறேன்.”